பனிக்கு அடியில் ஒரு பள்ளம்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் ஐஸ்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் பக்கத்து மேசைக்காரன். பதிலுக்கு அவள் அவனுக்கு வைத்த பெயர் ரேடார். பனிக்கட்டிக்குள் ரேடார் அலைகளை அனுப்பி ஆழம் அளப்பது அவன் தொழில். வருடத்தில் பாதியை மலையில் கழித்துவிட்டு, மீதியில் மூக்குத் தோல் உரிந்துபோய் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பான். அவள் வேலை நாற்காலியோடு ஒட்டிய வேலை. மலைமேல் இருக்கும் ஒரு பனியாற்றைக் கணினிக்குள் கட்டி, பூமி சூடாக ஆக அது எப்படிக் கரையும், எது மிஞ்சும் என்று ஓட்டிப் பார்ப்பாள்.

பனியாறு பார்வைக்கு அசையாது. குளிர்காலத்தில் விழுந்த பனி வருடக்கணக்காக அடுக்கடுக்காய் இறுகி, கண்ணாடிபோல் கெட்டியாகி, தன் எடை தாங்காமல் சரிவில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே சேரும், கீழே உருகும். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இப்போது உருகுவது முந்திக்கொண்டுவிட்டது. அவள் அந்த மலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பனி எவ்வளவு விழும், வெயில் எவ்வளவு தின்னும், மிச்சம் எந்தப் பக்கம் நகரும் என்று எழுதிவைத்திருந்தாள். பொத்தானைத் தட்டினால் திரையில் வெள்ளை மெல்லச் சுருங்கும்.

இந்தப் பனியாற்றையே ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்டால் விஞ்ஞானக் காரணங்களாக அடுக்குவாள். உண்மைக் காரணம் வேறு. அதன் அடிவாரத்து ஊரில் அவள் அக்கா வீடு இருந்தது. தங்கவும் சாப்பிடவும் கவலை இல்லை. அக்காவின் கணவர் அதே ஊரின் குடிநீர் இன்ஜினியர். பனியாற்றிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் ஏற்றி வீடுகளுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. ஆக, குடும்பத்தில் ஒருத்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருடம் இதையே செய்ததில் அவளுக்கு ஒரு சலிப்பு வந்திருந்தது. காலையில் வந்து உட்கார்ந்தால் வெள்ளை சுருங்குவதைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் அது எவ்வளவு சுருங்கியது என்று எழுத வேண்டும். ஊர்களுக்குச் சாலை சிக்னல்களின் நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் கம்பெனி ஒன்று அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அவள்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் ஃபோனில் சொன்னாள்.

"சிக்னல்ல அப்படி என்னடி இருக்கு?"

"சிவப்பு விழுந்தா மறுபடி பச்சை விழும்க்கா. இங்க அது இல்ல."

அக்கா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "லீவு போட்டுட்டு இங்க வா. மாமா வேற உன்னதான் தேடிட்டு இருக்காரு," என்றாள்.

மாமா தேடியதற்குக் காரணம் இருந்தது. பனியாற்றுக்குக் கீழே, ஆறு இரண்டு பாறைகளுக்கு இடையே உள்ள இடுக்கில் குறுகி ஓடும் இடத்தில், புதிய நீரேற்று நிலையம் கட்டுவதற்கு நகராட்சியை அவர் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தார். அதற்காக நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவர். இனி தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான் பாக்கி.

ஆனால் அவள் கணினிக்குள் கட்டிய மாடலில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. எந்த மாடலையும் எதிர்காலத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் பழைய காலத்தில் ஓடவிட்டுச் சோதிப்பார்கள். பழைய படங்கள் கிடைக்கும் ஒரு வருடத்தில் ஆரம்பித்து இன்றுவரை ஓட்ட வேண்டும். வருகிற முடிவு இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப்போனால் மாடலை நம்பலாம். அவள் மாடல் மேல்மலையில் அச்சு அசலாக ஒத்துப்போனது. கீழே, பனியாற்றின் முனையில், உதைத்தது. அங்கே வெறும் பாறைதான் இருக்க வேண்டும் என்றது மாடல். பனி இருக்கிறது என்றது படம்.

முதலில் கல்லில்தான் கை வைத்தாள். அந்த முனை முழுக்க மலையிலிருந்து சரிந்த கற்கள் போர்வை போர்த்தினாற்போல் மூடிக் கிடந்தன. கல் தடிமனாக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது, அடியில் பனி பத்திரமாக இருக்கும். அதை மாடலில் சேர்த்ததும் தொலைந்த பனி திரும்பி வந்தது. அவளுக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. உண்மையில் முனைப்பகுதி ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தது. மாடலிலோ அது இன்னமும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சரிவில் கிடக்கும் பனி எப்படி நிற்கும்?

ஒரு பிற்பகலில் அவள் கேள்வியைத் திருப்பிப் போட்டாள். அடித்தரை இப்படித்தான் இருக்கும் என்று தானே முடிவுகட்டுவதை விட்டுவிட்டு, பனியின் மேல்மட்டத்தையும் வேகத்தையும் கொடுத்து, அடித்தரை எப்படி இருந்தால் இது நடக்கும் என்று மாடலையே கேட்டாள். அது கட்டம் கட்டமாகத் தரையைத் தோண்ட ஆரம்பித்தது. தோண்டத் தோண்ட அங்கே சட்டிபோல ஒரு பள்ளம் உருவானது. எங்கோ தப்பு என்று நினைத்து எண்களை மாற்றி மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் அதே பள்ளம். பனி சரிவில் இல்லை, குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நகரவில்லை.

ரேடாரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"பனி உருகினா இதுல என்ன நிக்கும்?" என்று கேட்டான் அவன், பதில் தெரிந்தே.

"தண்ணி."

"அதுக்கு நேர் கீழதானே உங்க மாமா கட்டப்போறாரு?"

அவள் தலையாட்டினாள்.

"மாட்டினியா," என்று சொல்லிவிட்டு அவன் டீயை உறிஞ்சினான்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டுகளுக்கு நடுவே மாமா வரைபடத்தை விரித்துவைத்திருந்தார். குழம்பு சிந்திவிடாமல் அக்கா ஓரத்தை மடித்துவிட்டுக்கொண்டே பரிமாறினாள்.

"எனக்கு ஒரே ஒரு நம்பர் போதும். முப்பது வருஷம் கழிச்சு ஆத்துல எவ்வளவு தண்ணி வரும்? அத வச்சு குழாய் சைஸ் போட்டுடுவேன்," என்றார் மாமா.

"கொஞ்ச காலம் தண்ணி கூடும் மாமா, பனி வேகமா உருகறதால. அப்புறம் குறையும். கோடைக் கடைசியில ரொம்பவே குறையும். நம்பரும் தர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நீங்க கட்டப்போற இடத்துக்கு மேல ஒரு ஏரி வரும்."

"எந்த ஏரி?"

"இப்போ இல்ல. பனிக்கு அடியில பள்ளம் இருக்கு. பனி போச்சுன்னா அங்க தண்ணி நிக்கும். ஏரியோட கரை லேசா இருந்து உடைஞ்சா, அத்தனையும் நீங்க சொல்ற அந்த இடுக்கு வழியாத்தான் வரும்."

"பள்ளத்த யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. மாடல்ல வருது."

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். "இல்லாத ஏரி, யாரும் பாக்காத பள்ளம். இத நான் நகராட்சியில போய்ச் சொல்லணும். நல்லா இருக்கும்மா. ஊர்ல எல்லாரும் எனக்கு ஐஸ் வைக்கிறாங்க, சீக்கிரம் கட்டுங்க சார்னு. நீ ஒருத்திதான் இருக்கிற ஐஸையும் எடுத்துட்டுப் போறேங்கற."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல எதப் போட்டாலும் ஏதாவது ஒண்ணு வரத்தான் செய்யும்," என்றார்.

அது அவளைச் சுருக்கென்று தைத்தது. ஆறு வருட உழைப்பை அவர் ஒரே வாக்கியத்தில் தூக்கிக் குப்பையில் போட்டதுபோல் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவியதையே திரும்பக் கழுவினாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அதுதான் அதிகம் வலித்தது. அந்தப் பள்ளத்தை அவளும் பார்த்ததில்லையே.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "போய்ப் பாத்துடலாம் மாமா. ரேடார் கருவி இருக்கு, ஆள் இருக்கு. நீங்களும் வாங்க. பள்ளம் இல்லைன்னா நானே நகராட்சிக்கு வந்து, கட்டுங்கன்னு சொல்றேன்."

"அவருக்கு முட்டி வலி," என்றாள் அக்கா.

"முட்டிய நான் பாத்துக்கறேன்," என்றார் மாமா.

வசந்தத்தின் கடைசியில், பனி இன்னும் காலடியில் கெட்டியாக இருக்கும்போதே மூவரும் ஏறினார்கள். ரேடார் தன் கருவியைச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். மாமா இரண்டு கைத்தடிகளோடு, முட்டிகளில் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். முனைக்குப் போனபோது அவர் முதலில் நம்பவே இல்லை. சுற்றிலும் கல். பொடிக்கல், பெருங்கல், வண்டி அளவுக் கல்.

"இதுலயா பனி?"

அவள் குச்சியால் கற்களை விலக்கினாள். முழங்கை ஆழத்தில் கறுத்த பனிக்கட்டி மின்னியது. மாமா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். குடிநீர் இன்ஜினியராக இத்தனை வருடம் இருந்தும், தன் தண்ணீர் புறப்படும் இடத்தை அவர் தொட்டது அதுதான் முதல்முறை.

கருவியை முனையின் குறுக்கே இழுத்தார்கள். சின்னத் திரையில் சாம்பல் நிறக் கோடுகள் வரிவரியாக ஓடின. மாமா ரேடாரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இது ஸ்கேன் மாதிரில்ல இருக்கு. இவங்க அக்கா மாசமா இருந்தப்ப எடுத்ததும் இப்படித்தான். டாக்டர் விரல வச்சு இதோ தலை, இதோ கைம்பாரு. நான் தலைய ஆட்டுவேன், ஒண்ணும் புரியாது."

"இந்தக் கோடு மட்டும் பாருங்க சார். இதுதான் அடித்தரை," என்றான் ரேடார்.

கோடு மெல்லக் கீழே இறங்கியது. பலகை நகர நகர அது இறங்கிக்கொண்டே போனது. திரையின் அடியைத் தொடும் அளவுக்குப் போன பிறகுதான் கோடு வளைந்து மறுபடி ஏறியது. சட்டி. மாடல் சொன்ன இடத்தில், சொன்னதைவிடக் கொஞ்சம் ஆழமாகவே.

"இருக்கு," என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. ஒரு மரியாதை இருந்தது, அது அவளைப் பார்த்தா, பள்ளத்தைப் பார்த்தா என்று சொல்ல முடியவில்லை.

அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கற்களுக்கு நடுவே பனி இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவராக அறுந்து நின்றது. சுவரின் அடியில் ஒரு குட்டை. சுவரிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஒரு கல் பெயர்ந்து தொப்பென்று குட்டையில் விழுந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு குட்டை, அதற்கு அப்பால் இன்னொன்று. செயற்கைக்கோள் படத்தில் இவை கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரிந்திருந்தன. நிழல் என்று நினைத்து ஒதுக்கியிருந்தாள். கற்போர்வை பனியைக் காப்பாற்றும் என்று மாடலுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். போர்வை கிழிந்த இடத்தில் பனி எப்படிக் கரையும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏரி வர இருபது வருடத்துக்கு மேல் ஆகும் என்பது அவள் கணக்கு. இங்கே ஏரி ஏற்கெனவே குட்டி போட ஆரம்பித்திருந்தது.

அன்றிரவு தங்கிய மலைக் குடிசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள். "பள்ளத்துல நான் சொன்னது சரி மாமா. நேரத்துல தப்பு. நான் நினைச்சத விட சீக்கிரம் வரும். எவ்வளவு சீக்கிரம்னு இப்போ எனக்கே தெரியாது." சூப் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான். எதப் போட்டாலும் ஏதோ ஒண்ணு வருது."

மாமா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத நான் கோவத்துல சொன்னேன். விடு. இப்போ எனக்கு இத மட்டும் சொல்லு. சட்டியோட விளிம்பு எதால ஆனது? பாறையா, குப்பைக்கல்லா?"

அவள் ரேடாரைப் பார்த்தாள். அவன் மடிக்கணினியைத் திறந்து அன்றைய கோடுகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தான். இடது கரை முழுக்கக் கெட்டிப்பாறை. வலது கரையில் மட்டும் ஒரு துண்டு கல்மேடு, உள்ளே பனி வைத்த மேடு. பனி உருகினால் அது தொளதொளத்துப் போகும்.

"இடது பக்கம் பாறைன்னா அத வெட்டலாம்," என்றார் மாமா மெதுவாக. "தண்ணி அந்தக் கல்மேட்டத் தொடறதுக்கு முன்னாடியே இந்தப் பக்கம் தாழ்வா ஒரு வாய்க்கால் வெட்டி மதகு வச்சுட்டா? அதுக்கு மேல தண்ணி ஏறவே ஏறாது. கல்மேடு உடையற பேச்சே இல்ல." அவர் நிமிர்ந்தார். முட்டி வலி முகத்திலிருந்து மறைந்துபோயிருந்தது. "கோடைக் கடைசியில ஆத்துல தண்ணி குறையும்னு சொன்னியே, அப்போ மதகத் திறந்து விடலாம். ஏம்மா, இவ்வளவு நாளா நான் நீர்த்தேக்கத்துக்கு எடம் தேடிட்டு இருக்கேன்!"

"மலைமேல வேலை செய்ய எத்தனை வருஷம் வேணும் சார்?" என்றான் ரேடார்.

"கோடையில மட்டும்தான் செய்யலாம். ஆறு கோடை. இழுத்துப் பிடிச்சா அஞ்சு." மாமா அவள் பக்கம் திரும்பினார். "எவ்வளவு தண்ணின்னு இனி கேக்கல. எப்போன்னு சொல்லு. அது போதும்."

அந்தக் கோடை முழுக்க அவள் மலைக்கும் மேசைக்கும் அலைந்தாள். பனிச்சுவர்களுக்கு எதிரே கேமராக்களை நட்டு, சுவர் எவ்வளவு பின்வாங்குகிறது என்று அளந்தாள். குட்டைகளின் தண்ணீர்ச் சூட்டை அளந்தாள். ரேடார் கொடுத்த நிஜப் பள்ளத்தை மாடலுக்குள் இறக்கினாள். சுவரும் குட்டையும் பனியைத் தின்னும் கணக்கை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். நிலையத்தின் பெரிய கணினியில் ஐந்நூறு தடவை, ஒவ்வொரு தடவையும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஓட்டினாள். திரையில் வெள்ளை சுருங்குவதைப் பார்க்க முன்புபோல் மனம் சோரவில்லை. இப்போது அவள் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். நடுவில் சிக்னல் கம்பெனியிலிருந்து பேசினார்கள், எப்போது வந்து சேர்கிறீர்கள் என்று. அப்படி ஒரு கம்பெனி இருப்பதே மறந்துபோயிருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

நகராட்சிக் கூட்ட அறையில் நாற்காலிகள் போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். தலைவி நடுவில் உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். சத்தம் கூடினால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார், போதும். ஆற்றோரம் விடுதி வைத்திருப்பவர் முதல் ஆளாக எழுந்தார்.

"இந்தப் பொண்ணு சொல்றது கம்ப்யூட்டர் கதை. வராத ஏரியச் சொல்லிப் பயமுறுத்தினா என் விடுதிக்கு எவன் வருவான்?"

அவள் சுவரில் தொங்கிய பழைய படத்தைக் காட்டினாள். ஊர், ஆறு, பின்னால் பனியாறு இப்போதைவிடக் கொழுகொழுவென்று இறங்கி நின்றது. ஊர்க்காரர்கள் தினமும் பார்த்துப் பார்த்து, பார்ப்பதையே விட்டுவிட்ட படம்.

"இந்தப் படத்த நான் போன வாரம்தான் பாத்தேன். மாடலுக்கு இதக் காட்டவே இல்ல. இத எடுத்த வருஷத்துல பனி எங்க நின்னிருக்கும்னு மாடலக் கேட்டேன்." திரையில் அதே படம் வந்தது. அதன்மேல் மாடல் வரைந்த சிவப்புக் கோடு மெல்ல விழுந்தது. மேலே பனியின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "இங்க பாருங்க, இந்த மூலையில தப்பியிருக்கு. நிழல் விழற பக்கம். ஏன்னு இன்னும் கண்டுபிடிக்கல. தப்பு இருக்கு, ஆனா எவ்வளவு தப்புன்னு எனக்குத் தெரியும். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஏரி சீக்கிரம்னா ஏழு வருஷத்துல நிறையும், தாமதம்னா பன்னெண்டு."

"ஏழா, பன்னெண்டா?" என்றார் தலைவி.

"ஏழுன்னு வச்சு வேலைய முடிங்கம்மா. பன்னெண்டுல வந்தா என்னைத் திட்டிக்கோங்க."

சிலர் சிரித்தார்கள். விடுதிக்காரர் உட்கார்ந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். சுவரோரம் நின்ற பேக்கரிக்காரப் பெண் கையைத் தூக்கினாள்.

"பனி மொத்தமா போயிடுமா? எங்க பசங்க பாப்பாங்களா மாட்டாங்களா, அதச் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை வருடமாகப் பயந்துகொண்டிருந்தாள். மழுப்பக் கூடாது என்று மட்டும் தீர்மானித்திருந்தாள்.

"கீழ் பாதி போயிடும். அத இனி யாராலயும் நிறுத்த முடியாது, ஏற்கெனவே ஏறின சூடே அதுக்குப் போதும். மேல் பாதி இன்னும் முடிவாகல." திரையில் மூன்று கோடுகளைக் காட்டினாள். "உலகம் இப்போ இருக்கிற மாதிரியே புகை விட்டா, முதல் கோடு. அதுல உங்க பேரப் பசங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. கொஞ்சம் குறைச்சா நடுக்கோடு, உச்சியில திட்டுத் திட்டா இருக்கும். நல்லா குறைச்சா இது. மேல் பாதி சுருங்கி, ஒரு இடத்துல நின்னுடும். நின்னு அங்கயே இருக்கும். கணக்குல இது ஆசைக்குப் போட்ட கோடு இல்ல. நடக்கக்கூடியது."

பேக்கரிக்காரப் பெண் மூன்றாவது கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ மேல இருக்கறதுக்காகவாவது ஏதாவது செய்யணும்," என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

தீர்மானம் நிறைவேறியது. நீரேற்று நிலையத்தை இடுக்கிலிருந்து மேட்டுக்கு மாற்றினார்கள். ஆற்றோரத் தெருக்களில் அபாயச் சங்கு வைத்தார்கள், எந்தப் படி வழியாக மேலே ஏற வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார்கள். மலையில் பாறை வெட்டும் வேலை கோடைக்குக் கோடை நடந்தது. ஒரு கோடை முழுக்க மழை பெய்து கெடுத்தது. இன்னொரு கோடையில் பாறை துளைக்கும் கம்ப்ரஸர் பழுதாகி, உதிரிப் பாகம் வருவதற்குள் பனி விழுந்துவிட்டது. குட்டைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டே போயின. ஒவ்வொரு வருடமும் அவள் புதிய அளவுகளைப் போட்டு மாடலை மறுபடி ஓட்டி, "இன்னும் டைம் இருக்கு மாமா, ஆனா ரொம்ப இல்ல," என்று சொல்லுவாள். மாமாவின் மீசை அந்த வருடங்களில் முழுக்க வெளுத்தது. பனிக்குப் பதிலாக நான் வெளுக்கிறேன் என்று சொல்லிக்கொள்வார்.

மதகை மாட்டி முடித்த மறுகோடையில், எட்டாவது வருடம், தண்ணீர் பாறை விளிம்புக்கு வந்தது. வலது கரைக் கல்மேட்டுக்கு வெகு கீழேயே வாய்க்காலைக் கண்டுபிடித்து, அதன் வழியாக ஒழுங்காக வெளியேறியது. எந்தச் சங்கும் ஊதவில்லை. அந்த வருடம் கோடைக் கடைசியில் பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஆறுகள் கூழாங்கல்லாகக் காய்ந்து கிடந்தபோது மாமா மதகைத் திறந்தார். ஊர் ஆற்றில் தண்ணீர் ஓடியது. விடுதிக்காரர் ஏரிக்குப் போகும் நடைபாதையின் படத்தைத் தன் வாசலில் பெரிதாக மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு பகலில் அவளும் ரேடாரும் மாமாவும் ரப்பர் படகில் ஏரியின் நடுவே இருந்தார்கள். மாமா ஓய்வுபெற்றுவிட்டார். வேண்டாம் என்று அக்கா தடுத்தும் கேட்காமல் வந்து, படகின் இரண்டு பக்கக் கயிற்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாழ்க்கை பூரா தண்ணில வேலை செஞ்சீங்க, நீச்சல் தெரியாதா சார்?" என்றான் ரேடார்.

"தண்ணிய குழாய்க்குள்ள வச்சுத்தான் எனக்குப் பழக்கம்."

அவள் கயிற்றில் கட்டிய வெப்பமானியை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். எதிரே பனிச்சுவர் வெயிலில் நீலமாக நின்றது. அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழ, அலை வந்து படகை ஆட்டியது. மாமா கண்ணை இறுக்க மூடித் திறந்தார்.

"இது இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார், சுவரைக் காட்டி.

"சில வருஷம்தான் மாமா."

"அப்புறம்?"

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். சுவருக்குப் பின்னால், பாறைத் தோள்களைத் தாண்டி, மேல் பனியாறு வெள்ளையாக விரிந்து கிடந்தது. கடந்த சில வருடங்களாக உலகத்தின் புகைக் கணக்கு முதல் கோட்டை விட்டு விலகிவிட்டது. நடுக்கோட்டையும் தாண்டிக் கீழே சாய ஆரம்பித்திருந்தது. போன மாதம் புதிய எண்களைப் போட்டு ஓட்டியபோது, நூற்றாண்டின் கடைசியிலும் திரையின் மேல்பக்கம் வெள்ளை அழியாமல் நின்றது. முதலில் நம்பாமல், எங்கோ தப்பு இருக்கும் என்று நாள் முழுக்கத் தேடினாள். தப்பு கிடைக்கவில்லை.

"அங்க மேல, அந்த வளைவு தெரியுதா?" என்று கையை நீட்டிக் காட்டினாள். "அது வரைக்கும் சுருங்கும். அதுக்கு மேல இருக்கறது நிக்கும்னு நினைக்கிறேன்."

மாமா ஒரு கையைக் கயிற்றிலிருந்து விடுவித்து, கண்ணுக்கு மேலே குடைபிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நிக்கட்டும்," என்றார்.

கயிறு அவள் கையில் லேசாக இழுத்தது. வெப்பமானி அடியைத் தொட்டிருந்தது. அவள் எண்ணைப் படித்துச் சொல்ல, ரேடார் எழுதிக்கொண்டான்.